புது ரௌட்டர் வந்தாச்சு... டிவி ஸ்டிக் மட்டும் ஏன் அடம்பிடிக்குது?

"புது ரௌட்டர் போட்டதிலேர்ந்து டிவியில ஒண்ணுமே வரலப்பா. ஸ்டிக் போயிடுச்சு போல. புதுசு ஒண்ணு வாங்கிடலாமா?"

போன மாதம், இரவு 8 மணி. சீரியல் நேரத்தில் அம்மாவிடமிருந்து அழைப்பு.

இணையத் திட்டத்தைப் புதுப்பித்தபோது அம்மா வீட்டுக்கு வைஃபை 7 ரௌட்டர் வந்தது. கைப்பேசிகளில் இணையம் பறக்கிறது. டிவிக்குப் பின்னால் செருகியிருக்கும் 6 வயது ஸ்டிக் மட்டும் இணைய மறுக்கிறது.

கடைசியில் ஒரு காசு செலவில்லை. ரௌட்டர் செட்டிங்ஸில் ஒரே ஒரு மாற்றம்தான்.

பழைய சாதனம் புது ரௌட்டரில் வேலை செய்யாதா?

செய்யும். 2009இல் வந்த வைஃபை 4 சாதனம்கூட வைஃபை 7 ரௌட்டருடன் பேசலாம். ஆனால் இரண்டும் ஒரே அலைவரிசையில், ஒரே பாதுகாப்பு முறையில் பேச வேண்டும். பெரும்பாலும் சிக்கல் இங்கேதான்.

முதலில் அலைவரிசை. வீட்டு ரௌட்டர்கள் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் ஆகிய இரண்டிலும் இயங்கும். புதியவற்றில் 6 கிகாஹெர்ட்ஸும் உண்டு. 2.4 மெதுவானது, ஆனால் சுவர் தாண்டிப் போகும். 5 வேகமானது, ஆனால் கான்கிரீட்டைக் கண்டால் சோர்ந்துவிடும். வீவக வீட்டில் பாம் ஷெல்ட்டருக்கு அந்தப் பக்கம் அறை இருப்பவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

2013இல் வந்த முதல் குரோம்காஸ்டுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். 'வேகம் வேணும்' என்று ரௌட்டரில் 2.4ஐ அணைத்துவிட்டால், அதன் கண்ணுக்கு உங்கள் வைஃபையே தெரியாது.

அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் வாங்கி வந்த ஸ்டிக்கா? 2.4 அலைவரிசையில் இங்கே 13 சேனல்கள். அங்கே விற்கும் பல சாதனங்கள் 11ஆவது சேனலோடு நின்றுவிடும். ரௌட்டர் தானாக 12 அல்லது 13க்கு மாறினால் இணைப்பு திடீரென்று காணாமல் போகும். சேனலை 1, 6, 11 இவற்றில் ஒன்றில் நிறுத்திவிடுங்கள்.

அம்மா வீட்டில் மாட்டிக்கொண்டது எங்கே?

பாதுகாப்பு முறையில். பழைய ஸ்டிக்குகள் பலவற்றுக்கு டபிள்யூபிஏ2 தான் தெரியும். 2018இல் அறிமுகமான டபிள்யூபிஏ3 அதைவிடப் பாதுகாப்பானது. அம்மா வீட்டு ரௌட்டர் டபிள்யூபிஏ3 மட்டும் என்று அமைக்கப்பட்டிருந்தது. பாஸ்வர்ட் சரியாக இருந்தும் ஸ்டிக் உள்ளே போக முடியவில்லை. பாவம், அம்மா அதே பாஸ்வர்டைப் பத்து தடவை அடித்துப் பார்த்திருக்கிறார்.

ரௌட்டரின் செயலியைத் திறந்து, பாதுகாப்புப் பகுதியில் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டையும் ஏற்கும் கலப்பு முறையைத் தேர்ந்தெடுத்தேன். சீரியல் வந்துவிட்டது.

சில ரௌட்டர்கள் இதற்கு இடம் கொடுக்காது. 6 கிகாஹெர்ட்ஸில் டபிள்யூபிஏ3 கட்டாயம் என்பதால், எல்லா அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் தகராறு வரலாம். அப்போது 2.4க்கு மட்டும் தனிப் பெயர் வைத்து, அதை டபிள்யூபிஏ2வில் விடுங்கள். ஆனால் 'எப்படியாவது வேலை செஞ்சா போதும்' என்று பாஸ்வர்டையே எடுத்துவிடாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் படம் பார்ப்பது சின்ன விஷயம். உங்கள் வீட்டுக் கணினியும் கேமராவும் அதே இணைப்பில்தான் இருக்கின்றன.

ஸ்டிக்கை விருந்தினர் வைஃபையில் போடலாமா என்று சிலர் கேட்பார்கள். போடலாம், படம் ஓடும். ஆனால் கைப்பேசியிலிருந்து டிவிக்கு வீடியோ அனுப்ப முடியாமல் போகலாம். விருந்தினர் இணைப்பில் இருக்கும் சாதனங்களை மற்றவற்றின் பார்வையிலிருந்து மறைப்பதுதான் அதன் வேலையே.

அப்போ 10 கிகாபிட் திட்டம் எதுக்கு?

டிவிக்காக என்றால் தேவையில்லை. 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் பரிந்துரைக்கும் வேகம் விநாடிக்கு 15 மெகாபிட். பல டிவிகளில் உள்ள லேன் துளையே 100 மெகாபிட்தான், அதுவே தாராளம். ரௌட்டர் டிவி பக்கத்திலேயே இருந்தால் கேபிளைச் செருகிவிடுங்கள். வைஃபை தலைவலியே இருக்காது.

இணைந்த பிறகும் படம் விட்டுவிட்டு ஓடினால், ஸ்டிக் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். டிவியின் பின்பக்க உலோகத் தகடு சிக்னலை மறைக்கும். பெட்டியோடு வந்த குட்டி எச்டிஎம்ஐ நீட்டிப்பை எங்கேயாவது போட்டு வைத்திருப்பீர்கள், தேடி எடுங்கள். மின்சாரத்தையும் டிவியின் யூஎஸ்பியிலிருந்து எடுக்காமல் அதற்குரிய அடாப்டரில் கொடுங்கள். மின்சாரம் போதாவிட்டால் ஸ்டிக் தானாக அணைந்து அணைந்து எரியும்.

புதுசு வாங்கத்தான் வேண்டும் என்ற நிலையும் உண்டு. மென்பொருள் புதுப்பிப்பு நின்றுபோய், செயலிகள் ஒவ்வொன்றாகத் திறக்க மறுத்தால் அந்த ஸ்டிக்குக்கு விடை கொடுத்துவிடலாம். அப்போது 5 கிகாஹெர்ட்ஸும் டபிள்யூபிஏ3யும் இருக்கிறதா என்று பெட்டியில் பார்த்து வாங்குங்கள். அம்மாவின் ஸ்டிக் இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை.