நடந்து வந்தவரைத் தூக்கிக்கொண்டு போகிறோம்

நிமோனியா சரியாகிவிட்டது. எக்ஸ்ரே தெளிவு, காய்ச்சல் இல்லை. ஆனால், ஒரு வாரத்துக்கு முன் ஆட்டோவிலிருந்து தானே இறங்கி நடந்து வந்த எண்பது வயதுப் பெரியவரை இப்போது இரண்டு பேர் தூக்கி காரில் ஏற்றுகிறார்கள். "வயசாயிடுச்சுல்ல" என்கிறது குடும்பம். போன வாரமும் அதே வயதுதானே! இடையில் அவர் கட்டிலை விட்டு இறங்கவே இல்லை என்பது யார் கணக்கிலும் வரவில்லை.

ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2007இல் வெளியானது. கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. நோயே இல்லாதவர்களுக்கு இந்தக் கதி. காய்ச்சலில் கிடந்து, நாலு வாய் கஞ்சியோடு நிறுத்திக்கொள்பவருக்கு?

முதியோர் மருத்துவத்தில் தமிழ்நாடு பின்தங்கிய மாநிலமல்ல. சென்னை அரசு மருத்துவமனை ஒன்றில் 1978லேயே தனிப்பிரிவு வந்தது. 1996இல் இதற்கான எம்.டி. படிப்பும் இங்கேதான் நாட்டிலேயே முதலில் தொடங்கியது. 2024இல் கிண்டியில் 200 படுக்கைகளோடு தனி மருத்துவமனையும் திறந்தாயிற்று. ஆனால், பெரும்பாலான பெரியவர்கள் போய்ச் சேர்வது உள்ளூர் நர்சிங் ஹோமிலும் பொது வார்டிலும்தான்.

அங்கே முதல் நாளே கடையில் வாங்கி வரச்சொல்லும் சாமான் பட்டியலில் டயப்பர் இருக்கிறது. வீட்டில் தடியை ஊன்றிக்கொண்டு கொல்லைப்புறம் போய் வந்தவருக்கு எதற்கு டயப்பர்? கேட்பதில்லை, மாட்டிவிடுகிறோம். பாத்ரூம் போவதுதான் ஒரு முதியவர் ஆஸ்பத்திரியில் நடக்கும் ஒரே நடை. அதுவும் நின்றுவிடுகிறது. ஈரம் தங்கினால் தோல் புண்ணாகிறது. "தண்ணி குடிச்சா மறுபடி நனையும், மத்தவங்களுக்குக் கஷ்டம்" என்று வாயைக் கட்டுகிறார் பாட்டி. உடம்பில் நீர் வற்றுகிறது. சிறுநீர் அளவு பார்க்கப் போட்ட ட்யூபை எடுக்க மறந்துவிட்டால் கிருமித்தொற்று வேறு.

மூன்றாம் நாள் ராத்திரி, "சுவத்துல யாரோ நிக்கிறாங்க" என்று அலறுவார். மகளை அம்மா என்பார். புத்தி பேதலித்துவிட்டதென்று குடும்பம் பதறும். கையைக் கட்டிலோடு கட்டுவார்கள். டெலிரியம் என்று பெயருள்ள இந்தத் திடீர்க் குழப்பத்துக்குக் கிருமித்தொற்று, நீர்வற்றல், மலச்சிக்கல், தூக்க மாத்திரை எல்லாமே காரணமாகலாம். தொலைந்துவிடுமென்று மூக்குக்கண்ணாடியையும் காது மெஷினையும் பையில் போட்டு வீட்டுக்கு அனுப்பியிருப்போம், அதுவும் சேர்ந்துகொள்ளும். அமெரிக்காவில் 1999இல் வெளியான ஆய்வொன்றில், பெரியவர்களை நடக்கவைத்து, கண்ணாடி மாட்டி, தண்ணீர் கொடுத்து, ராத்திரி தூங்கவிட்டதிலேயே இந்தக் குழப்பம் 15 சதவீதத்திலிருந்து 10 சதவீதத்துக்கு இறங்கியது.

"விழுந்து இடுப்பு உடைஞ்சா யார் பதில் சொல்றது? ஒரு சிஸ்டர் எத்தனை பேரைப் பிடிச்சு நடக்கவைப்பாங்க?" என்பது ஊழியர்கள் தரப்பு. நியாயம்தான். ஆனால், கூடவே ஒரு மகனோ மருமகளோ இரவு பகலாக ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாரே. எப்படிப் பிடித்து எழுப்புவது என்று அவருக்குப் பத்து நிமிடம் சொல்லிக்கொடுத்தால் போதாதா?

டிஸ்சார்ஜ் சம்மரியில் சுகர், பிரஷர், கிரியேட்டினின் எல்லாம் இருக்கின்றன. சேரும்போது பாத்ரூமுக்குத் தானே போனாரா, கிளம்பும்போது போகிறாரா என்று இரண்டு வரி சேர்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். டயப்பர் யாருடைய வசதிக்காக வாங்கியது என்பது அதில் தெரிந்துவிடும்.