பேலட்டுக்கு ஓர் இடம், நடைக்கு ஒரு வழி

கூட்டுறவு நூற்பாலையில் இடம் போதவில்லை என்றவுடன் புதிய கிடங்கு கட்டவே நாம் எண்ணுகிறோம். அதற்கு முன் தரையைச் சற்று நோக்குவோமாக. நூல் மூட்டைகளைத் தாங்கும் மரப்பேலட்டின் வழக்கமான அளவுகளுள் ஒன்று 120 செ.மீ. நீளம், 100 செ.மீ. அகலம். வெறும் பேலட்டுகள் 20 சிதறிக் கிடப்பின் 24 சதுர மீட்டர் தரை வீணாகும். பத்துப் பத்தாக இரண்டு அடுக்குகள் ஆக்கினால் 2.4 சதுர மீட்டரே போதும்.

இட நட்டத்தினும் கொடிது உடல் நட்டம். இத்தகைய பேலட்டு ஏறத்தாழ 20 கிலோ எடையுள்ளது. சுவரில் சாய்த்து நிறுத்தியது சரிந்தால் காலெலும்பு முறியக்கூடும். வழியில் கிடப்பது இடறிவிடும். பலகை உடைந்தது பாரத்தையே கவிழ்த்துவிடும்.

ஆகவே, வெறும் பேலட்டுகளைப் படுக்கவைத்தே அடுக்குவோம், தோளுயரத்தைத் தாண்டவிடோம். தூக்குவதாயின் இருவர் கூடித் தூக்குவோம். உடைந்ததை அன்றே விலக்குவோம். வண்டி செல்லும் வழிக்கு மஞ்சட் கோடிடுவோம். கதவுக்கும் தீயணைப்புக் கருவிக்கும் முன்னே எதனையும் வையோம்.

இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. நாள்தோறும் கவனமே வேண்டும். அடுத்த பொதுக்குழுவில் புதிய கிடங்குக்குப் பணம் கேட்குமுன், உள்ள தரை எவ்வளவு வெறுமனே அடைபட்டுள்ளது என அங்கத்தினர்கள் அளந்து கேட்பார்களாக. ஆலை நம்முடையது, அதில் உழைப்போரின் நலனும் நம் பொறுப்பே.