யார் சொல்லித் துடிக்கிறது?

குட்டீஸ்! கையை மடக்குங்கள். நினைத்ததும் மடங்கியதா? அது எலும்புத்தசையின் வேலை. காலையில் சாப்பிட்ட இட்லியை வயிற்றில் பிசைவது மென்தசை. அது நம் சொல் கேட்காது. மூன்றாவது, இதயத்தசை. துடிப்பைத் தொடங்கும் செல்கள் இதயத்துக்குள்ளேயே இருக்கின்றன. மூளையின் கட்டளைக்கு அது காத்திருப்பதில்லை!

2008 செப்டம்பரில், விபத்தில் மூளைச்சாவு அடைந்த திருக்கழுக்குன்றம் சிறுவனின் இதயத்தை, அழுதுகொண்டே தானம் தந்தனர் பெற்றோர். போலீசார் போக்குவரத்தை நிறுத்தி வழிவிட, சென்னை தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்குச் சுமார் 11 நிமிடங்களில் இதயம் போய்ச் சேர்ந்தது. ரத்தக்குழாய்களை டாக்டர்கள் இணைத்தனர், நரம்புகளை இணைக்கவில்லை. ஆனாலும், 9 வயதுச் சிறுமியின் நெஞ்சில் அது மீண்டும் துடித்தது.

உங்கள் நெஞ்சில் கை வையுங்கள். கேட்கிறதா, லப்-டப்?