பிரேக் இல்லாத வண்டியும் முப்பது மணி நேரக் கடலும்

பந்தயத்தில் உயிரைத் துச்சமாக மதித்தவர் போரிலும் அப்படியே இருந்தார் என்று சொல்லிவிட்டால் லயோனல் வான் பிராக்கின் வாழ்க்கைக் கதை சுலபமாக முடிந்துவிடும். சிட்னியில் 1908இல் பிறந்த இவர் ஸ்பீட்வே மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் முதல் உலகச் சாம்பியன்; பிறகு ஆஸ்திரேலிய விமானப்படையில் சேர்ந்து ஜார்ஜ் பதக்கம் பெற்றவர். ஆனால் அந்தப் பதக்கம் எதற்காகக் கிடைத்தது என்று பார்த்தால், வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 1942 ஜனவரியில், அன்றைய டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளில், சும்பா நீரிணைக்கு மேலே அவர் இருந்த டி.சி.-2 போக்குவரத்து விமானத்தை ஜப்பானியர்கள் சுட்டு வீழ்த்தினார்கள். அவரும் வெப்ஸ்டர் என்ற அதிகாரியும் உடனிருந்த இருவரை மூழ்கவிடாமல் தாங்கிக்கொண்டு, சுறாக்கள் திரியும் கடலில் சுமார் முப்பது மணி நேரம் போராடிக் கரை சேர்ந்தார்கள். எதிரியைத் தாக்கிய வீரத்துக்கான விருதல்ல அது. பிறர் உயிரைக் காத்ததற்கானது.

பந்தயத்தில் பழகிய துணிச்சல்தானே கடலிலும் கைகொடுத்தது என்று கேட்கலாம். கேள்வியில் ஓரளவு நியாயம் உண்டு. ஸ்பீட்வே வண்டிக்குப் பிரேக் கிடையாது. வளைவில் பின்சக்கரம் வழுக்கிக்கொண்டு போகும்போது பயந்துபோய் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால் ஆளையே தூக்கி எறிந்துவிடும். பதறாமல் இருக்க அது கற்றுத்தரும், சரி. ஆனால் ஒரு பந்தயத்தின் நான்கு சுற்றும் ஒன்றேகால் நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அங்கே பக்கத்தில் வருபவன் முந்த வேண்டிய ஆள், தாங்க வேண்டிய ஆள் அல்ல. அவர் உலகப் பட்டம் வென்ற 1936 வெம்ப்ளி இறுதிப் போட்டியே இதற்குச் சாட்சி. அன்று ஓடிய ஐந்து பந்தயங்களிலும் வென்றவர் புளூயி வில்கின்சன். ஆனால் தகுதிச் சுற்றுகளின் போனஸ் புள்ளிகளையும் சேர்த்ததில் அவர் மூன்றாம் இடத்துக்குப் போனார் (விநோதமான கணக்குதான்). வான் பிராக்கும் எரிக் லாங்டனும் 26 புள்ளிகளுடன் சமமாக நின்றார்கள். தீர்வுப் பந்தயத்தில் லாங்டன் தொடக்க நாடாவை அறுத்து விலக்கப்படும் நிலைக்கு வந்தபோது, அப்படி வரும் பட்டம் வேண்டாமென்று மறு ஓட்டம் கேட்டவர் வான் பிராக். அதே மனிதர், முதல் வளைவை முதலில் அடைபவருக்கே வெற்றி என்று இருவரும் பேசி வைத்திருந்ததை மீறிக் கடைசி வளைவில் முந்தினார் என்றும், பிறகு மனம் உறுத்தி லாங்டனுக்கு 50 பவுண்டு கொடுத்தார் என்றும் ஒரு பேச்சு உண்டு. அது உண்மையென்றால், பந்தயக்களத்தில் பெருந்தன்மையும் வெற்றி வெறியும் ஒரே ஆளிடம் மாறி மாறி வந்துபோயின. இதில் எது சும்பா கடலுக்குப் போனது என்று யார் பிரித்துச் சொல்ல முடியும்?

தவிர, அதே கடலில் அதே வேலையைச் செய்து அதே ஜார்ஜ் பதக்கத்தைப் பெற்ற வெப்ஸ்டரிடம் உலகப் பட்டம் ஏதும் இருக்கவில்லை.