ஏற்றப்பாட்டிலிருந்து இயர்போன் வரை

பம்புசெட் வராத காலத்தில், விடியுமுன்பே கிணற்றடியில் ஏற்றப்பாட்டு தொடங்கிவிடும். துலாமரத்தின் மேல் மூங்கிலைப் பிடித்தபடி ஓரிருவர் முன்னும் பின்னும் நடப்பார்கள். முன்னால் வந்தால் சால் கிணற்றுக்குள் இறங்கும். பின்னால் போனால் நிரம்பி மேலே வரும். கீழே நின்று சாலைக் கவிழ்ப்பவர் பிள்ளையாரைக் கும்பிட்டுப் பாட்டை எடுப்பார். சாலுக்கு ஓர் அடி. எத்தனையாவது சால் என்ற கணக்கும் பாட்டிலேயே வந்துவிடும். தாளம் பிசகினால் மேலே நடப்பவரின் கால் பிசகும். ஆள் களைத்தால் பாட்டும் தளரும். ஏற்றப்பாட்டின் ஓர் அடியைக் கேட்ட கம்பர், அடுத்த அடிக்காக மறுநாள் காலைவரை காத்திருந்ததாகக் கதை உண்டு. இறைப்பு நின்றதும் பாட்டும் நின்றுபோனதாம்.

இன்று அதே விடியற்காலையில் ஜிம்முக்குள் நுழைந்தால், ஆளுக்கொரு பாட்டு. ட்ரெட்மில்லில் ஒருவர் காதில் இளையராஜா, பக்கத்தில் அனிருத், சுவரில் ஸ்பீக்கர் தன் போக்கில் வேறொன்று. வேகத்தை மெஷின் பார்த்துக்கொள்கிறது, கணக்கைக் கைக்கடிகாரம் வைத்துக்கொள்கிறது. பாட்டுக்கு மிச்சம் உற்சாகமூட்டும் வேலைதான்.

அதை நன்றாகவே செய்கிறது. நியூயார்க்கில் நடந்த ஆறு நாள் சைக்கிள் பந்தயத்தைக் கவனித்த லெனார்ட் ஏயர்ஸ், 1911இல் ஒரு கணக்கை வெளியிட்டார். பேண்டு வாசித்தபோது வீரர்களின் சராசரி வேகம் மணிக்கு 19.6 மைல், வாசிக்காதபோது 17.9 மைல். மூச்சிரைப்பில் கிடக்கும் கவனம் தாளத்தின் பக்கம் திரும்புவதால், மிதமான பயிற்சியில் களைப்பு குறைவாகத் தெரிகிறது என்கிறார்கள் ஆய்வாளர்கள். தாளத்தோடு கால் சேர்ந்தால், அதே வேலைக்கு ஆக்சிஜன் செலவு சற்றுக் குறைவதையும் சில ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். ஏற்றக்காரர்களுக்கு இது காலறிந்த சங்கதி. ஆனால் உயிரைக் கொடுத்து ஓடும்போது இந்த வித்தை அவ்வளவாகப் பலிக்காது. உடம்பு போடும் கூச்சலில் பாட்டு அமுங்கிவிடும்.

வேறுபாடு இன்னோரிடத்திலும் இருக்கிறது. அன்று பாடியவரும் உழைத்தவர்களில் ஒருவர். மூச்சு முட்டினால் வாயில் பாட்டு வராது. அதனால் பாட்டே வேகத்துக்குக் கடிவாளமாக இருந்தது. இயர்போனில் பாடுபவருக்கு மூச்சு வாங்குவதில்லை. முழங்கால் வலித்தாலும் அடுத்த குத்துப்பாட்டு வந்து இன்னொரு சுற்றுக்கு இழுக்கும். ஜிம் இரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டினால் காதுக்கும் கேடு. 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் கேட்கலாம் என்னும் உலக சுகாதார நிறுவனம், 90 டெசிபலுக்கு 4 மணி நேரம்தான் தருகிறது.

அதற்காகப் பாட்டை நிறுத்த வேண்டாம். நடுநடுவே இயர்போனைக் கழற்றி, பக்கத்தில் நடப்பவரிடம் முழுசாக ஒரு வாக்கியம் பேசிப் பாருங்கள். திணறாமல் பேச முடிந்தால் வேகம் மிதம்தான். வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கினால், எவ்வளவு நல்ல பாட்டு ஓடினாலும் வேகத்தைக் குறையுங்கள்.