சுவிட்ச் போடவும் ஒரு வரிசை உண்டு! - உறைகுளிரில் வேலை பார்க்கும் எக்ஸ்-ரே கண்கள்

சாரல் காலத்தில் எங்கள் அச்சன்புதூர் பக்கம் வந்து பாருங்கள். மேற்கே மலை இருக்கும் இடமே தெரியாது, அவ்வளவு மேகம். கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் காயாது. குற்றாலத்துக்கு ஏசி காரில் வந்து இறங்குகிறவர்களின் மூக்குக் கண்ணாடி ஒரே நொடியில் வெளுத்துப்போகும். துடைத்துப் போட்டுக்கொண்டு சிரித்தபடி அருவியைப் பார்க்க நடந்துவிடுவார்கள்.

அதே ஈரம் ஓர் எக்ஸ்-ரே டிடெக்டரின் மேல் படிந்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள். லட்சக்கணக்கான ரூபாய் மதிப்புள்ள கருவி ஒரே நிமிடத்தில் பாழாகிவிடலாம். எனக்கு அது தெரிந்தது ஒரு பொங்கல் லீவு முடிந்த திங்கட்கிழமை காலையில்.

“கேனைக் கீழ வைங்க தம்பி!”

அப்போது நான் எம்.எஸ்ஸி. மாணவன். எங்கள் ஆய்வகத்தில் ஒரு ஜெர்மானியம் டிடெக்டர் இருந்தது. அதற்குக் கீழே பெரிய பால் கேன் மாதிரி ஒரு பாத்திரம்; அதில் மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜன். தீர்வதற்குள் ஊற்றி நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். லீவுக்கு முன்பு ஊற்ற வேண்டியது என் முறை. ஊருக்குப் பஸ் பிடிக்கும் அவசரத்தில் மறந்துவிட்டேன்.

திரும்பி வந்து பார்த்தால் பாத்திரம் காலி. டிடெக்டர் எப்போது சூடாக ஆரம்பித்தது, இப்போது எவ்வளவு சூடாகியிருக்கிறது, எதுவும் தெரியாது. சூடானால் மின்னழுத்தத்தைத் தானே துண்டித்துவிடும் பாதுகாப்பு அதில் இருந்தது. அது தன் வேலையைச் செய்திருந்தது. பேராசிரியர் வருவதற்குள் சரிசெய்துவிட வேண்டும் என்று நைட்ரஜன் கேனைத் தூக்கினேன்.

“தம்பி, கேனைக் கீழ வைங்க. இப்பம் ஊத்தினா மொத்தமா போயிரும்” என்றார் ஆய்வக உதவியாளர் அண்ணாச்சி.

“சூடாயிருச்சு அண்ணாச்சி, சீக்கிரம் குளிர வைக்கணும்லா?”

“அரைச் சூட்டுல குளிர வைக்கப்பிடாது. முழுசா சூடாகட்டும். பொறவு முழுசா குளிரட்டும். நோட்டுல எழுதிப் போட்டிருக்கே, பாக்கலியா?”

பார்க்கவில்லை. சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த அந்த நோட்டை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் புரட்டினேன்.

எதற்கு இவ்வளவு குளிர்?

எக்ஸ்-ரே கதிர் ஒன்று சிலிக்கான் அல்லது ஜெர்மானியம் படிகத்துக்குள் புகுந்தால், அங்கே எலெக்ட்ரான்களை உதிர்க்கும். எத்தனை உதிர்ந்தன என்று எண்ணினால், வந்த கதிரின் சக்தி தெரியும். சக்தி தெரிந்தால், அது இரும்பிலிருந்து வந்ததா, கால்சியத்திலிருந்து வந்ததா என்று சொல்லிவிடலாம்.

சிக்கல் என்னவென்றால், வெப்பமும் எலெக்ட்ரான்களை உதிர்க்கும். எக்ஸ்-ரே கதிர் ஒன்று சிலிக்கானில் உதிர்ப்பது சில நூறிலிருந்து சில ஆயிரம் எலெக்ட்ரான்கள்தான். சூடான படிகத்தில் அதை எண்ணுவது, தேரோட்டக் கூட்டத்தில் கொலுசுச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பது மாதிரி. குளிரக் குளிரக் கூட்டம் கலையும், கொலுசு கேட்கும்.

போடும் வரிசை

நோட்டில் இருந்த வரிசை இதுதான். கருவிக்குக் கருவி எண்கள் மாறும். வரிசையின் தத்துவம் மாறாது.

முதலில் வெற்றிடம். படிகம் இருக்கும் அறையில் காற்று இருந்தால், அதிலுள்ள ஈரம் பனியாகப் படிகத்தின் மேல் படியும். நம் மூக்குக் கண்ணாடிக் கதைதான். சில கருவிகளில் வெற்றிடத்துக்குப் பதில் உலர்ந்த நைட்ரஜன் வாயுவை நிரப்புவார்கள்.

அடுத்து, சூட்டை வெளியேற்றும் வழி. திரவ நைட்ரஜனுக்குப் பதில் மின்சாரத்தால் குளிரவைக்கும் பெல்ட்டியர் தகடுகள் இப்போது நிறைய வந்துவிட்டன. அந்தத் தகட்டின் ஒரு பக்கம் குளிர்ந்தால் மறுபக்கம் சூடாகும். அந்தச் சூட்டை எடுத்துப்போகும் தண்ணீரோ மின்விசிறியோ ஓடத் தொடங்கிய பிறகுதான் தகட்டுக்கு மின்சாரம். மாற்றிச் செய்தால் தகடே கருகலாம்.

மூன்றாவது, காத்திருப்பு. சின்ன சிலிக்கான் டிடெக்டர் சில நிமிடங்களில் குளிர்ந்துவிடும். எங்கள் ஜெர்மானியத்துக்குக் குறைந்தது 6 மணி நேரம். ராத்திரி முழுக்க விடுவது இன்னும் நல்லது.

கடைசியில்தான் மின்னழுத்தம். அதுவும் படிப்படியாக. ஆயிரக்கணக்கான வோல்ட்டை ஒரே திருகலில் ஏற்றக் கூடாது. படிகம் குளிராமலிருக்கும்போது ஏற்றினால், கசியும் மின்சாரம் டிடெக்டரோடு ஒட்டியிருக்கும் நுண்ணிய டிரான்சிஸ்டரைச் சுட்டுவிடும்.

அணைக்கும் வரிசை

அப்படியே தலைகீழ். முதலில் மின்னழுத்தம் மெல்ல இறங்கிப் பூஜ்யத்துக்கு வர வேண்டும். பிறகு குளிர் நிற்கும். படிகம் தானாக அறைச் சூட்டுக்கு வரும்வரை வெற்றிடத்தைக் கலைக்கக் கூடாது. பெல்ட்டியர் என்றால் தண்ணீரையும் விசிறியையும் கடைசியில்தான் நிறுத்த வேண்டும்.

அண்ணாச்சி சொன்ன ‘அரைச் சூடு’ விஷயத்துக்கும் காரணம் உண்டு. வெற்றிட அறைக்குள் மிச்சம் மீதி இருக்கும் வாயுக்களை ஒரு உறிஞ்சி, குளிராக இருக்கும்வரை பிடித்து வைத்திருக்கும். சூடு ஏறினால் விட்டுவிடும். அந்த நேரம் பார்த்து மறுபடி குளிரவைத்தால், வெளியே வந்த வாயுக்கள் போய் ஒட்டும் இடங்களில் ஒன்று படிகத்தின் மேற்பரப்பு. அப்புறம் கசிவு நிற்காது.

இரண்டு நாள் காத்திருந்தோம். மூன்றாம் நாள் நைட்ரஜன் ஊற்றினோம்: ஜன்னல் எல்லாம் திறந்து, கையுறையும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு. மூடிய அறையில் ஆவியாகும் நைட்ரஜன், ஆக்சிஜனை விரட்டி மூச்சையே நிறுத்திவிடக் கூடியது. மறுநாள் காலை மின்னழுத்தத்தை ஏற்றும்போது அண்ணாச்சி என் பக்கத்திலேயே நின்றார். டிடெக்டர் பிழைத்துக்கொண்டது. நானும்தான்!

வானத்தில் அண்ணாச்சி இல்லை

ஆய்வகத்திலாவது தப்பு செய்தால் திருத்த ஆள் உண்டு. விண்வெளியில்?

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1983-ல் நோபல் பரிசு வாங்கிய சுப்பிரமணியன் சந்திரசேகர் பெயரைத் தாங்கிய நாசாவின் ‘சந்திரா’ எக்ஸ்-ரே தொலைநோக்கி, 1999 ஜூலை 23 அன்று ஏவப்பட்டது. அதன் முக்கிய கேமராவில் 10 சிலிக்கான் சில்லுகள். மைனஸ் 120 டிகிரியில் வேலை பார்ப்பவை. பூமியைச் சுற்றியுள்ள கதிர்வீச்சு வளையங்களை சந்திரா ஒவ்வொரு சுற்றிலும் கடக்க வேண்டும். எக்ஸ்-ரேயைக் குவிக்கும் அதே கண்ணாடிகள், அங்கிருந்த புரோட்டான் துகள்களையும் கேமராவின் மேல் கொண்டுவந்து கொட்டின. சில சுற்றுகளுக்குள் 8 சில்லுகள் பாதிக்கப்பட்டன. காரணம் தெரிந்ததும் வழக்கத்தை மாற்றினார்கள்: வளையத்துக்குள் நுழையும் முன் கேமராவைக் குவியத்திலிருந்து நகர்த்தி ஒளித்துவைத்துவிடுவது. கால் நூற்றாண்டு தாண்டியும் அந்தக் கேமரா உழைத்ததற்கு அந்த ஒழுங்கும் ஒரு காரணம்.

ஜப்பானின் ‘சுசாகு’வுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2005 ஜூலை 10 அன்று ஏவினார்கள். பூஜ்யத்துக்குக் கீழே ஏறக்குறைய 273 டிகிரியில் வேலை பார்க்கும் டிடெக்டர் அதில் இருந்தது. அதைக் குளிரவைக்கும் திரவ ஹீலியம், ஆகஸ்ட் 8-க்குள் மொத்தமாக ஆவியாகிப் போய்விட்டது. வெளியேறிய ஹீலியம் வாயு விண்கலத்துக்குள்ளேயே பரவி, குளிர்ப்பெட்டியின் வெற்றிடத்தைக் கெடுத்ததுதான் காரணம். அதே மாதிரி டிடெக்டரோடு 2023 செப்டம்பரில் போனது ‘கிரிஸ்ம்’. இந்த முறை குளிர் பிரமாதம்; டிடெக்டர் முன்னால் இருக்கும் பாதுகாப்புக் கதவு மட்டும் திறக்கவில்லை. சில தடவை முயன்றார்கள். பிறகு, அந்தக் கதவில் உள்ள மெல்லிய ஜன்னல் வழியாகவே பார்ப்போம் என்று முடிவெடுத்து ஆராய்ச்சியைத் தொடங்கிவிட்டார்கள்.

நம் இஸ்ரோவின் ‘ஆஸ்ட்ரோசாட்’, 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. மும்பை டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனம் முன்னின்று உருவாக்கிய அதன் எக்ஸ்-ரே தொலைநோக்கியில், கேமராவை பெல்ட்டியர் முறையில் மைனஸ் 80 டிகிரிக்குக் குளிரவைத்தார்கள். அது முதல் ஒளியைப் பார்த்தது அக்டோபர் 26-ல். நான்கு வாரப் பொறுமை!

பக்கத்து ஊர்ப் பொறுமை

‘ஆதித்யா எல்1’ கதையைச் சொல்லும்போது எங்களுக்குக் கொஞ்சம் கூடுதல் பெருமை. அதன் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி, எங்கள் பக்கத்து ஊரான செங்கோட்டைக்காரர். செங்கோட்டை அரசுப் பள்ளியிலும் திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியிலும் படித்து, 1987-ல் இஸ்ரோவில் சேர்ந்தவர்.

2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்ட ஆதித்யாவில் சூரியனின் எக்ஸ்-ரேயைப் பார்க்க இரண்டு கருவிகள் உண்டு. இரண்டும் பெங்களூரு யு.ஆர். ராவ் செயற்கைக்கோள் மையத்தில் உருவானவை. அதில் ஒன்றான ‘ஹீலியோஸ்’ கருவிக்கு சுவிட்ச் போட்டது அக்டோபர் 27-ல். ராக்கெட் கிளம்பி 55 நாள் கழித்து. இரண்டே நாளில், அக்டோபர் 29 அன்று, சூரியனில் ஒரு வெடிப்பு கிளம்பும் வேகத்தை அது பதிவு செய்தது.

நம் வீட்டுக்கும் இதே வரிசைதான்

* ஏசி அறையில் இருந்த கேமராவைச் சாரலில் சட்டென்று வெளியே எடுக்காதீர்கள். கவரில் போட்டுக் கட்டி, வெளிச்சூட்டுக்கு வந்த பிறகு திறங்கள்.

* உள்ளே ஈரம் கோத்த போனை உடனே சார்ஜில் போடாதீர்கள். முதலில் உலரட்டும், அப்புறம் மின்சாரம்.

* கரண்ட் போய் வந்ததும் ஃபிரிட்ஜை உடனே போடாதீர்கள். கம்ப்ரஸருக்குள் அழுத்தம் சமமாக 3, 4 நிமிடம் வேண்டும். ஸ்டெபிலைசர் தாமதித்து ‘டிக்’ என்பது அதற்காகத்தான்.

அந்தத் திங்கட்கிழமை பேராசிரியர் வந்ததும், நானே போய் நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. “நோட்டுல எழுதிட்டியா?” என்று மட்டும் கேட்டார். எழுதினேன்: தேதி, காலி என்று கண்ட நேரம், மறந்தது யார் என்பது உட்பட. எனக்குப் பின்னால் வந்த மாணவர்கள் அந்தப் பக்கத்தைப் படித்துச் சிரித்திருப்பார்கள். படித்தார்கள் அல்லவா, அது போதும்.