கடைசிப் பாத்தியின் உப்பு

திருகோணமலையிலிருந்து புல்மோட்டை வீதியில் வடக்கே போனால் நிலாவெளி, இறக்கக்கண்டி தாண்டிக் குச்சவெளி வரும். அந்தப் பக்கத்து உப்பளங்களில் முதற் பாத்திக்குள் ஏறும் கடல்நீரில் கிலோவுக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புத்தான் இருக்கும். வெயிலும் காற்றும் நீரைக் குடிக்கக் குடிக்க, பாத்திக்குப் பாத்தி அது தடித்துக்கொண்டே போகும். முதலில் சுண்ணாம்பு படியும், பிறகு ஜிப்சம். பத்தில் ஒன்பது பங்கு நீர் போன பிறகுதான் நாம் கறிக்குப் போடும் உப்பு கட்டி பிடிக்கும்.

வருமான வரியும் இப்படி ஒரு பாத்தி வரிசைதான். ஒரேயொரு வித்தியாசம்: உப்பளத்தில் அதே நீர் அடுத்த பாத்திக்கு மாற்றப்படும், வரியிலோ முதற் பாத்தி நிறைந்து வழிவது மட்டுமே இரண்டாவதற்குப் போகும். 2025 ஏப்ரல் முதல் இலங்கையில் முதற் பாத்தி ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா. அதில் உப்பே இல்லை. அடுத்த 10 இலட்சத்துக்கு 6 சதவீதம். பிறகு ஐந்தைந்து இலட்சமாக 18, 24, 30. மொத்த வருமானம் 43 இலட்சத்தைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு 36.

சம்பள உயர்வு கிடைத்தால் மேல் வரிக்குள் விழுந்து கையில் வருவது குறைந்துவிடும் என்று படித்தவர்களே பயப்படுவதைக் கேட்டிருக்கிறேன். விழுவது வழிந்த பகுதி மட்டும்தான். மாதம் இரண்டரை இலட்சம் எடுப்பவரின் கடைசி ரூபாவுக்கு 18 சதவீதம். ஆனால் அவர் மாதம் கட்டும் மொத்த வரி 8,000 ரூபா, அதாவது சம்பளத்தில் 3.2 சதவீதம்.

இனி, இந்தக் கடைசிப் பாத்தியிலிருந்து ஒரு வாளி அள்ளி, இருபது முப்பது வருடம் கழித்து முதற் பாத்திகளில் ஊற்ற முடிந்தால்? பிரித்தானியாவில் அதற்குச் சட்டமே வழி விட்டிருக்கிறது. அங்கே 12,570 பவுண்ட் வரை வரியில்லை. 50,270 வரை 20 சதவீதம். அதற்கு மேல் 40. லண்டனில் 60,000 பவுண்ட் சம்பளம் எடுக்கும் திருகோணமலைக்காரர் ஒருவர் 1,000 பவுண்டை ஓய்வூதிய நிதியில் போட்டால், அந்த ஆயிரம் 40 சதவீதப் பாத்தியிலிருந்து கழிகிறது. அவர் கையை விட்டுப் போவது உண்மையில் 600. பல திட்டங்களில் அவர் 800 கட்டுவார், அரசு 200 சேர்க்கும். மிச்ச 200ஐ அவரே வரித் திணைக்களத்திடம் கேட்டு வாங்க வேண்டும். கேட்காதவருக்கு அது தானாக வராது. நான்கு வருடம் வரை பின்னோக்கிக் கேட்கலாம் என்பது தெரியாமலே விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அரசு எதையும் விட்டுக்கொடுக்கவில்லை, வரியைத் தள்ளித்தானே வைக்கிறது என்று கேட்கலாம். சரியான கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,000 பவுண்டுக்கு இப்போதே 40 சதவீத வரி கட்டினால் 600 மிஞ்சும். நிதி இரட்டிப்பானால் 1,200. வரி கட்டாமல் 1,000ஐயும் போட்டால் 2,000 ஆகும். கடைசியில் 40 சதவீதம் கட்டினால் அப்போதும் 1,200. பெருக்கலில் எண்களை இடம் மாற்றினாலும் விடை மாறாது என்று மூன்றாம் வகுப்பில் படித்ததுதான். வரி முன்னால் வந்தாலென்ன, பின்னால் வந்தாலென்ன, வீதம் ஒன்றாக இருக்கும் வரை ஒரு சதமும் அதிகம் கிடைக்காது. தள்ளி வைப்பதே இலாபம் என்று சொல்லும் விளம்பரங்கள் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடும்.

இலாபம் வருவது இரண்டு வீதங்களுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில். வேலை செய்யும் காலத்தில் 40 சதவீதப் பாத்தியிலிருந்து எடுத்தவர், ஓய்வுக் காலத்தில் 20 சதவீதப் பாத்தியில் ஊற்றுகிறார். அதிலும் கால்வாசிக்கு அங்கே வரியே கிடையாது. ஆயிரத்தில் 250 சும்மா வரும்; 750க்கு 150 வரி. நிதி ஒரு சதமும் வளராவிட்டாலும் 600 போட்டவர் 850 எடுக்கிறார்.

இன்னும் விசித்திரமான ஒரு பாத்தி உண்டு. சட்டத்தின் வீத அட்டவணையில் அதைத் தேடினால் கிடைக்காது. வருமானம் ஒரு இலட்சம் பவுண்டைத் தாண்டியதும், கூடுகிற ஒவ்வொரு இரண்டு பவுண்டுக்கும் வரியில்லாப் பகுதியில் ஒரு பவுண்ட் குறையும். ஆயிரம் பவுண்ட் கூடினால் அதற்கு 400 வரி. பறிபோன 500 பவுண்ட் விலக்குக்கு இன்னொரு 200. ஆக 60 சதவீதம்! 1,25,140 பவுண்டைத் தாண்டினால் வீதம் 45க்கு இறங்கிவிடும். நடுப்பாத்தி கடைசிப் பாத்தியைவிட உப்பானது. அங்கே நிற்கும் டொக்டர்கள் ஓய்வூதியத்தில் ஆயிரம் போட 400 மட்டும் செலவழிக்கிறார்கள்.

குச்சவெளிக்குத் திரும்புவோம். இதே பிரதேச செயலகப் பிரிவில்தான் புல்மோட்டையும் இருக்கிறது. இல்மனைட் நிறைந்த கறுப்பு மணலும், 1957இல் தொடங்கிய அரச கனிய மணல் நிறுவனமும் அங்கே. அப்படியொரு தொழிற்சாலையில் இரண்டரை இலட்சம் எடுக்கும் ஒருவரை நினைத்துக்கொள்வோம். ஊழியர் சேமலாப நிதிக்கு, 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி, அவர் சம்பளத்தில் 8 சதவீதம், 20,000 ரூபா போகிறது. முதலாளி 12 சதவீதம், 30,000 போடுகிறார். முதலாளியின் பங்கு அவருடைய வருமானமாகக் கணக்கில் வராது. அவருடைய 20,000க்கோ கழிவு இல்லை. சம்பளத்துக்கு வரி கட்டிவிட்டுத்தான் அதையும் போடுகிறார். கழிக்க விட்டிருந்தால், பெரும்பகுதி 18 சதவீதப் பாத்தியிலும் மிச்சம் 6 சதவீதப் பாத்தியிலுமாகக் கழிந்து, மாதம் 3,200 ரூபா வரி குறைந்திருக்கும். போதாததற்கு நிதி ஈட்டும் முதலீட்டு வருமானத்துக்கு 14 சதவீத வரி.

கரைவலை இழுக்கும் மீனவருக்கும் ஓய்வூதியச் சட்டம் ஒன்று 1990இல் வந்தது. ஆனால் அவர் வருமானம் முதற் பாத்தியையே நிரப்புவதில்லை. எவ்வளவு தாராளமான வரிக்கழிவும் அவருக்குப் பூச்சியம்தான். வரிச்சலுகை என்பது வரி கட்டுகிறவருக்குத்தான், அதிகம் கட்டுகிறவருக்கு அதிகம். பிரித்தானியாவில் இந்த ஓட்டையைக் கொஞ்சம் அடைத்திருக்கிறார்கள்: வருமானமே இல்லாதவர் ஆண்டுக்கு 2,880 பவுண்ட் போட்டால் அரசு 720 சேர்த்து 3,600 ஆக்கும்.

அப்படியானால் சேமலாப நிதிக்கும் லண்டன் முறையைக் கொண்டுவந்து, போடும்போது கழிவு, எடுக்கும்போது வரி என்று மாற்றினால் என்ன? எனக்கும் முதலில் அது நியாயமாகவே பட்டது. ஆனால் லண்டன்காரர் தன் நிதியை வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கலாம். ஒவ்வொரு வருடமும் கீழ்ப் பாத்திகள் புதிதாக வெறுமையாகி நிற்கும். இங்கே ஆணுக்கு 55 வயதில், பெண்ணுக்கு 50இல், முழுத் தொகையும் ஒரேயடியாக வரும். நமது கனிய மணல்காரருக்குச் சம்பளம் ஏறவே இல்லை, வட்டியும் இல்லை என்று வைத்தாலும், மாதம் 50,000 வீதம் முப்பது வருடத்தில் ஒரு கோடியே 80 இலட்சம். அதை ஒரே வருடத்து வருமானமாகக் கணக்கிட்டால் 43 இலட்சத்துக்கு மேற்பட்ட ஒரு கோடியே 37 இலட்சமும் 36 சதவீதப் பாத்தியில் விழும். அதிகபட்சம் 18 சதவீதத்தில் காப்பாற்றிய காசின் பெரும்பகுதிக்கு 36 சதவீதம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்.